ஆடிப்பட்டமும் கெடா மழையும்



"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த முதுமொழி. ஆடியில் விதைத்த பயிர் அங்கு வேரூன்றி வளரும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அம்மழையே.

ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள நம் குருண் வட்டாரத்திற்கு அக்கணக்குப் பொருந்தாது. வடகிழக்குக் காற்று தன் மழையைக் கிழக்குக் கரையிலும் நடு மலைத்தொடரிலும் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே கெடாவை அடைகிறது. ஆகவே டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை இங்கு வறட்சி. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. செப்டம்பர், அக்டோபரில் பெருமழை. ஆடியில் விதைத்த இளஞ்செடி தேங்கிய நீரில் அழுகக்கூடும். தையில் விதைத்தது வெயிலில் வாடும்.

இங்குப் பருவத்தை அறிவிப்பது ரப்பர் மரமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை அது இலையுதிர்க்கும். அப்போது பால் குறையும்; பால்வெட்டுத் தொழிலாளியின் வருவாயும் குறையும். கைப்பொருள் சுருங்கும் அதே காலத்தில் மண்ணும் வறண்டுவிடும். எனவே லயத்துக் குடும்பத்திற்கு, எப்போது நடுவது என்பது வயிற்றைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

அக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது போர்க்காலத்தில்தான். 1941 டிசம்பர் 8இல் தாய்லாந்தின் சிங்கோராவில் கரையிறங்கிய சப்பானியப் படை, ஒரு வாரத்திற்குள் குருணில் பிரித்தானியரின் தற்காப்பை முறியடித்தது. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த மலாயாவில் உணவு அருகியது. ரப்பர் ஏற்றுமதி பெரிதும் சரிந்தது. தோட்டத் தமிழர் பலர் சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் கெடா தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. அக்காலத்தில் மக்களின் உயிரைக் காத்தவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்.

இங்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். போர் வந்தது வறட்சியின் வாயிலில். ஏப்ரல் மழையில் நட்ட மரவள்ளி முற்றுவதற்கு எட்டு முதல் பத்து மாதங்கள் ஆகும். சர்க்கரைவள்ளிக்கு மூன்று, நான்கு மாதங்கள் போதும்; கீரைக்கு ஒரு மாதமே போதும். ஆகவே எதை, எப்போது நடுவது என்று அறிந்த குடும்பம் இடைப்பட்ட பசியைச் சற்றேனும் குறைத்துக்கொள்ள முடிந்திருக்கும். மரவள்ளி வயிற்றை நிரப்பினாலும் போதிய புரதச்சத்தை அளிக்காது. பயற்றங்காய்க் கொடியின் அருமை அப்போதுதான் விளங்கும்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. நம் மக்களும் பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் மழையின் முறை பெரிதும் அதுவே. மார்ச் இறுதியில் பாத்தி அமைத்து, ஏப்ரல் மழையோடு கத்தரி, மிளகாய், வெண்டை நடலாம். செப்டம்பரில் பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வழிசெய்து, ஈரத்தை விரும்பும் கங்கோங் கீரையை வளர்க்கலாம். அக்டோபர் இறுதியில் மழை தணியத் தொடங்கியதும் பயற்றங்காயும் வெண்டையும் விதைத்தால், வறட்சி முற்றுமுன் பறித்துவிடலாம்.

ஆடிப்பட்டத்தை மாணவர்க்குக் கற்பிப்போம். அதனோடு கெடா மழையையும் கற்பிப்போம். பருவமறிந்து பயிர் செய் என்பதே அம்முதுமொழியின் உட்பொருள். அப்பருவத்தை நாம் வாழும் மண்ணில்தான் தேடவேண்டும்.