நள்ளிரவுக்குப் பின் ஒரு டீ

மூக்கண்டப்பள்ளியில் பலருக்கு நாள் என்பதே ஷிஃப்ட் கணக்குதான். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் இரவு ஒரு மணிக்கு டீ குடிப்பார். இதே வேலையை 1953க்கு முன்பு பார்த்திருந்தால், அந்த ஒரு டீயால் அன்று காலை அவர் நன்மை வாங்க முடியாமல் போயிருக்கும்.

நற்கருணை வாங்குவதை எங்கள் கத்தோலிக்கப் பேச்சில் 'நன்மை வாங்குறது' என்போம். அதற்கு முன் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது பழைய சட்டம். அன்றைய முதல் உணவாக ஆண்டவரே உள்ளே வரட்டும் என்ற மரியாதை அது. 1953இல் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீரை அனுமதித்தார். மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இரவும் பகலும் ஷிஃப்ட் மாறி உழைக்கும் தொழிலாளர்கள். 1957இல் உபவாசம் மூன்று மணி நேரமானது. 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார்.

'பக்தி குறைஞ்சுபோச்சு' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நூற்றாண்டிலேயே பவுல் கொரிந்து சபையைக் கண்டித்தது இதற்காகத்தான்: ஆண்டவரின் பந்திக்குக் கூடும்போது சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் கசப்பானது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. நன்மை வாங்க வந்த எல்லாருடைய வயிறும் நள்ளிரவிலிருந்து ஒரே மாதிரி காலி. ஆனாலும் சுவர் நின்றது. 1910இல் அதை இடித்தார்கள். மறுபடி கட்டித் தரச் சொல்லி வெள்ளாளர் தரப்பு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

ஏசாயா 58ஆம் அதிகாரம் உபவாசத்தைப் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதாகவே பார்க்கிறது. தவக்காலத்தில் நாம் இருக்கும் ஒருசந்தியும் அதற்குத்தான்: ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, மிச்சம் பிடித்தது இல்லாதவருக்கு. பசியைப் பழகுவது பக்கத்தில் இருப்பவரின் பசி தெரிவதற்காக. அது தெரியாமல் வெறும் வயிற்றோடு பந்திக்கு வந்தவர்கள்தான் வடக்கன்குளத்தில் சுவரைக் காத்தார்கள். மணி பார்த்து உபவாசம் இருக்கிற நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இன்று நம் பந்திக்கு வர முடியாதவர் யார்?