உயிர் காலேஜ் முதல் வண்டலூர் வரை: சென்னையில் பள்ளிச் சுற்றுலாத் தடம் உருவான வரலாறு

வெளி மாவட்டங்களிலிருந்து ஒருநாள் கல்விச் சுற்றுலாவாகச் சென்னைக்கு வரும் பள்ளிகளின் நிகழ்ச்சி நிரலில் பள்ளியின் பெயரும் தேதியும்தான் மாறும். இடங்கள் அநேகமாக மாறுவதில்லை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, பிர்லா கோளரங்கம், எழும்பூர் அருங்காட்சியகம், பொழுது சாயும் நேரத்தில் மெரினா. இந்த வரிசை எங்கிருந்து வந்தது? பாடத்திட்டம் வகுத்தவர்கள் உட்கார்ந்து தேர்ந்த வரிசை இதுவல்ல. இவற்றுள் பெரும்பாலானவை வேறு நோக்கங்களுக்காக எழுந்தவை. பள்ளிகள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. நகரம் வளர்ந்த திசையே மாணவர் நடந்த தடத்தையும் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தடத்தின் முதல் புள்ளி அருங்காட்சியகம். மெட்ராஸ் இலக்கியச் சங்கம் திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 1,100 கனிம, பாறை மாதிரிகளைக் கொண்டு, 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் அது தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். 1854-இல் அது பாந்தியன் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. அறிஞர்களின் ஆய்வுக்கும், கம்பெனி ஆட்சிக்கு வேண்டிய கனிமவள அறிவுக்கும் உரிய கூடமாகவே அது திட்டமிடப்பட்டது. ஆனால் பால்ஃபோர் ஒன்றைக் கவனித்தார்: உயிருள்ள சிறுத்தையும் புலிக்குட்டியும் அங்கே இருந்தபோது மக்கள் கூட்டம் பெருகியது. கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் அவர் பெற்றுச் சேர்க்க, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிச்சாலை உருவானது. அடுத்த ஆண்டுக்குள் விலங்குகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. படிக்காதவர்களையும் கல்விக்கூடத்துக்குள் அழைத்துவரும் வழியை இந்நகரத்துக்கு முதலில் காட்டியவர் பால்ஃபோர்தான் என்று சொல்லலாம்.

1860-களில் விலங்குகள் மாநகராட்சியின் பொறுப்புக்கு மாறி, 116 ஏக்கர் பரப்பில் அமைந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடியேறின. 1873-இல் அதன் பக்கத்திலேயே சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட்டும் வந்தது. எழும்பூர் நிலையத்தின் இப்போதைய கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து அருங்காட்சியகம் நடக்கும் தூரந்தான். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தவர்கள் சென்ட்ரலில் இறங்கினாலும், தெற்கிலிருந்து வந்தவர்கள் எழும்பூரில் இறங்கினாலும், பார்க்க வேண்டியவை நடந்தோ டிராமிலோ சென்று சேரும் எல்லைக்குள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், பீப்பிள்ஸ் பார்க் அமைந்த பார்க் டவுனின் விலங்குக் காட்சிச்சாலையை உயிர் காலேஜ் என்றும் மக்கள் அழைத்தார்கள். காணும் பொங்கலன்று சுற்றுவட்டக் கிராமத்தார் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் வந்து, இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுக் கடற்கரையில் போய் உட்காருவார்கள். ஒரே நாளில் பல இடங்களைப் பார்த்து மாலையில் கடலில் முடிப்பது என்ற வடிவம் பள்ளிகள் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. காணும் பொங்கல் கூட்டத்தின் பழக்கத்தையே பள்ளிகள் எடுத்துக்கொண்டன என்பது என் கருத்து. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் பிறகு மாணவர்களாக அதே வழியில் வந்தார்கள்.

மெரினா மாணவருக்கான இடமாக மாறியதிலும் அருங்காட்சியகத்தின் பங்கு உண்டு. அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909-இல் மாநிலக் கல்லூரிக்கு எதிரே கடற்கரையில் திறக்கப்பட்டது. 1919-இல் மீன்வளத் துறை அதை ஏற்றது. கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்தவர்கள் அதற்குள் வாழும் உயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கண்டார்கள். 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சம் நகரத்தை உலுக்கியபோது அந்தக் காட்சியகம் மூடப்பட்டது. அதே அச்சத்தில் உயிர் காலேஜின் கொடிய விலங்குகளும், கூண்டு உடைந்தால் வெளியேறிவிடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. தடத்தின் இரண்டு முக்கியப் புள்ளிகள் ஒரே ஆண்டில் அடிபட்டன.

விடுதலைக்குப் பிறகு பெரிய மாற்றம் பள்ளிகளின் பக்கத்திலிருந்து வந்தது. 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. குடும்பத்திலேயே முதன்முதலாக எழுத்தறிந்த ஒரு தலைமுறை உயர்நிலைப் பள்ளி வரை வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-இல் அளித்த அறிக்கை, வகுப்புக்கு வெளியே நடக்கும் செயல்பாடுகளும் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்று வலியுறுத்தியது. பெற்றோர் ஒருபோதும் பட்டணம் பார்த்திராத பிள்ளைகளுக்குப் பள்ளிதான் பட்டணத்துக்கான வாசலாக இருந்தது. இதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை. ரயிலையும் கடலையும் மாடிக் கட்டடத்தையும் ஒரே நாளில் முதன்முறையாகக் கண்ட பிள்ளைகளின் வாழ்வில் அந்த நாளுக்கு இருந்த கனத்தை எந்தத் தேர்வு மதிப்பெண்ணாலும் அளக்க முடியாது.

அந்தப் பிள்ளைகள் பார்த்த மெரினா அரசியலின் முகத்தையும் பெற்றுக்கொண்டிருந்தது. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர் ஆகிய பத்துப் பேரின் சிலைகள் கடற்கரைச் சாலையில் நிறுவப்பட்டன. தமிழ்ப் பாடநூலின் பெயர்கள் வரிசையாகச் சாலையோரம் நின்றன. பாடத்துக்கும் சுற்றுலாவுக்கும் இடையே இவ்வளவு நேரடியான தொடர்பு இத்தடத்தில் வேறெங்கும் அமையவில்லை. ஆனால் பேருந்து சன்னல் வழியாகவே பெரும்பாலும் அவை கடந்து போகின்றன. 1969-இல் அண்ணாவும் 1987-இல் எம்.ஜி.ஆரும் மறைந்தபின் அவர்களது நினைவிடங்கள் தடத்தின் கட்டாய நிறுத்தங்களாயின. எம்.ஜி.ஆரின் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் சமாதிக் கல்லில் காது வைத்துக் கேட்காத மாணவர் அபூர்வம். 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும், குறள் 1,330-ஐயும் பொறித்த அதன் மண்டபமும் இதே காலப் போக்கின் விளைவே.

தடம் தெற்கே நகர்ந்தது கிண்டியால். ஆளுநர் மாளிகையை ஒட்டிய காட்டின் ஓரத்தில் 1959-இல் சிறுவர் பூங்கா அமைந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972-இல் அதன் அருகே வந்தது. நான் இதை மிக உயர்வாக மதிக்கிறேன். பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடும் நாட்டில், எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று நின்று விளக்கிச் சொன்ன இடம் அது. அந்த அறிவுக்குப் பின்னால் பாம்பின் தடம் அறிந்த இருளர் பழங்குடியினரின் உழைப்பும் இருந்தது. அருகே கோட்டூர்புரத்தில் 1983-இல் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988-இல் பிர்லா கோளரங்கமும் சேர்ந்தன. கோளரங்கத்தில் தமிழில் தனிக் காட்சி உண்டு என்பதால் கிராமப்புறப் பள்ளிகளுக்கு அது நன்றாகவே பயன்பட்டது.

இத்தனை இருந்தும், தடத்தின் இயல்பையே மாற்றிய ஆண்டு 1985 என்பேன். பார்க் டவுனில் இட நெருக்கடியும் சந்தடியும் மிகுந்ததால் விலங்குகளுக்காக வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருந்தது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985 ஜூலையில் அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் எரிந்து போனது. சில மாதங்களுக்குள் சென்ட்ரல் பகுதி மாணவருக்குத் தந்துவந்த ஈர்ப்பு முழுவதும் மறைந்தது. விலங்குகளுக்கு வண்டலூர் நல்லதே செய்தது. கம்பிக் கூண்டில் சுருண்டு கிடந்த புலிக்கு அகழி சூழ்ந்த திறந்தவெளி கிடைத்தது. நவீன விலங்குக் காட்சிச்சாலை எப்படி இருக்க வேண்டும் என்பதை நாடே அங்கே பார்த்தது. ஆனால் தடத்தின் ஒரு முனை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நடந்தும் ரயிலேறியும் சுற்றிய நாள், வாடகைப் பேருந்தில் சுற்றும் நாளாக மாறியது. பூங்காவைச் சுற்றி வரவே அரை நாள் ஆகும். மிச்ச அரை நாளுக்குள் பழைய பட்டியல் முழுவதையும் திணித்தார்கள். பட்டியல் குறையவில்லை, பார்க்கும் நேரம்தான் குறைந்தது.

1995-இல் தாம்பரம் அருகே திறந்த கிஷ்கிந்தாவும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பொழுதுபோக்குப் பூங்காக்களும் பட்டியலில் நுழைந்தபோது, ஒரு பிள்ளையின் கட்டணத்தில் நுழைவுச்சீட்டே பெரும் பங்கானது. பணம் கொடுக்க இயலாத பிள்ளை அன்று வீட்டில் தங்கியது. மிகக் குறைந்த செலவில் பார்க்கக்கூடிய அருங்காட்சியகம் பல பள்ளிகளின் நிரலிலிருந்து விழுந்ததும் இந்தக் காலத்தில்தான். தடத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் திருப்பம் இது. தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் எழும்பூரில்தான் இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து அத்தனை தூரம் வரும் ஒரு பிள்ளை, தன் ஊர்ப்பக்கத்து மண்ணிலிருந்து வந்த தாழியைக் காணாமல் நீர்ச்சறுக்கில் விளையாடிவிட்டுத் திரும்புகிறது.

அண்மைக் காலத்தில் நகரத்தின் வாசல் மறுபடி இடம் மாறியிருக்கிறது. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது. உயிர் காலேஜ் ஒருகாலத்தில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்ததுபோல, உயிரியல் பூங்கா மீண்டும் ஊருக்குள் நுழையும் வாசலிலேயே இருக்கிறது. 1990-களில் பாதுகாப்புக் காரணங்களால் மூடப்பட்ட மெரினா கலங்கரை விளக்கமும் 2013 குழந்தைகள் நாளன்று மறுபடி திறக்கப்பட்டு, நகரத்தை மேலிருந்து காட்டுகிறது. 2015 முதல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. கெட்டுப்போன நாளைத் திருத்தியமைக்க வேண்டிய வசதிகள் கைவசம் உள்ளன.

எனவே தலைமையாசிரியர்களுக்கும் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேருந்து உரிமையாளர் நீட்டும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு நாளுக்கு இரண்டு இடங்கள் போதும். மாலையில் கடற்கரை இருக்கட்டும். அந்த இரண்டில் ஒன்று எழும்பூர் அருங்காட்சியகமாக இருக்கட்டும். போகும் முன் ஆசிரியர் ஒருவர் தனியே சென்று, உங்கள் மாவட்டத்து மண்ணிலிருந்து வந்த பொருள் எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். பிள்ளைகளை முதலில் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள்.