சிறுவீட்டுப் பொங்கலும் விடியற்காலை பஸ்ஸும்



பெங்களூரில் இருக்கும் என் பேத்தி நேற்று இரவு போனில் கேட்டாள். "ஆச்சி, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ விண்டர் லீவுக்கு எங்க போவீங்க?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கரிசல் காட்டில் விண்டர் ஏது? 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே "என்னா குளிரு" என்று துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிற ஊர் நம்ம ஊர். "மலைக்குப் போவோம்டி" என்றேன். "எந்த மலை, ஊட்டியா?" என்றாள். "கழுகுமலை" என்றேன். "அது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதுதான ஆச்சி!" என்று ஏமாந்துபோனாள்.

அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் உங்களைச் சும்மா உட்கார வைத்துக் கதை சொன்ன டீச்சர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம மண். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தால் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் பெய்கிற மழையைக் கரிசல் மண் குடித்து வைத்துக்கொள்ளும். கார்த்திகையில் களையெடுப்பு முடியும். மார்கழியில் மல்லிச்செடி பூத்து நிற்கும், கம்பும் சோளமும் கதிர் பிடிக்கும், மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும். பாசியும் உளுந்தும் எடுக்க ஆரம்பித்து, தைமாதம் கதிர் அறுத்து, மாசிக்குமேல் பருத்தி எடுக்கப் போகிறவரைக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விடலாம். காட்டிலும் பச்சை இருக்கும், வீட்டிலும் நாலு படி தானியம் வரப்போகிறது என்ற நம்பிக்கை இருக்கும். நம்முடைய கொண்டாட்டம் எல்லாம் கார்த்திகையில் தொடங்கித் தைப்பூசத்தோடு முடிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சித்திரை வெயிலில் வெடிப்பு விட்ட காட்டைப் பார்த்துக்கொண்டு யாருக்கு ஆட்டம் பாட்டம் வரும்?

கார்த்திகையன்று ஓலைக் கொழுக்கட்டை. பச்சைப் பனை ஓலையில் மாவைப் பொதிந்து வேகவைக்கும்போது வருகிற அந்த வாசனை இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. இருட்டியதும் கோவில் முன்னால் சொக்கப்பனை. செலவு என்று பார்த்தால் பனை ஓலையும் ஒரு கை கருப்பட்டியும்தான்.

மார்கழி பிறந்தால் பெண்பிள்ளைகளுக்கு ராஜ்ஜியம். அதற்குப் பெயர் சிறுவீடு. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் மட்டும்தான் இதைப் பெரிதாகச் செய்கிறோம். வாசலில் களிமண்ணைக் குழைத்து ஒரு முழ உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அடுப்படி, திண்ணை, வாசல் எல்லாம் வைத்துக் குட்டியாக ஒரு வீடு கட்டுவோம். சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை போடுவோம். என் ஆச்சி மேஸ்திரி மாதிரி திண்ணையில் உட்கார்ந்து, "ஏட்டி, அடுப்பு வாசலுக்கு நேரா வரக்கூடாது, மாத்து" என்று அதட்டுவாள். பெரிய வீட்டில் அவள் சொன்னதை யாரும் கேட்டதில்லை. சிறுவீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மாதம் முழுக்க விடிவதற்கு முன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணிப்பிள்ளையார் பிடித்து அதன் தலையில் பூசணிப்பூவோ பீர்க்கம்பூவோ வைக்க வேண்டும். பூ பறிக்க அடுத்த தெருக் குப்பைமேடு வரைக்கும் போவோம். ஐப்பசி மழைக்குத் தானாக முளைத்த பூசணிக்கொடி அங்கேதான் படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் பூவையும் சாணியையும் சேர்த்து ராட்டி தட்டிக் காயப்போட்டுச் சேர்த்து வைப்போம். பொங்கல் முடிந்து தையில் ஒரு நல்ல நாள் பார்த்து, அந்தச் சிறுவீட்டு அடுப்பில் சின்னப் பானை வைத்துப் பொங்குவோம். தாய்மாமன் கரும்பும் தேங்காயும் கொண்டுவருவார். சாயங்காலம் அந்தப் பொங்கலையும் ராட்டிகளையும் எடுத்துக்கொண்டு, கும்மியடித்துப் பாடிக்கொண்டே ஊருணிக்குப் போவோம். ராட்டி மேல் சூடம் கொளுத்தித் தண்ணீரில் விடுவோம். யார் ராட்டி ரொம்ப நேரம் மிதக்கிறது என்று பார்ப்போம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிட அந்த நாள்தான் பெரிது.

இது எவ்வளவு பழைய விளையாட்டு தெரியுமா? பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடுவதைச் சங்கப் பாடல்கள் 'சிற்றில்' என்று சொல்கின்றன. நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், தன் நாச்சியார் திருமொழியில் கண்ணனிடம் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுவதற்கென்றே ஒரு பதிகம் வைத்திருக்கிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழிலும் 'சிற்றில் பருவம்' என்று ஒன்று உண்டு. பையன்கள் வந்து மிதித்துவிட்டுப் போவது அன்றைக்கும் இருந்திருக்கிறது, என் தம்பி காலத்திலும் இருந்தது!

காணும் பொங்கலன்று மலை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பக்கத்துக் கிராமங்களில் இருந்து வண்டி கட்டியும் நடந்தும் ஜனங்கள் வருவார்கள். புளியோதரை, துவையல், பொட்டலத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். (அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் குடும்பத்து வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் குதித்தீர்கள்!) கீழே கழுகாசலமூர்த்தி கோவில். கருவறை மலையைக் குடைந்து எடுத்தது. அதனால் கருவறையை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்றிவர வேண்டும். சாமி கும்பிடுவதும் நடைப்பயணமும் இங்கே ஒன்றுதான். ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இந்த முருகனுக்குக் காவடி எடுத்து வந்தபோது, கூடவே வந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வழிநடைக்காகப் பாடியதுதான் காவடிச்சிந்து. முப்பது வயது ஆவதற்குள் 1891-ல் அவர் போய்விட்டார். அவருடைய மெட்டில் இன்றைக்கும் ஊர் நடக்கிறது.

மேலே ஏறினால் வெட்டுவான் கோவில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்து, விமானத்தை முடித்து, கீழ்ப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். மத்தளம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் போனால் சமணச் சிற்பங்கள். பாறை முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள், பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடும் பிள்ளையோடும் நிற்கிற அம்பிகை. அவற்றின் கீழே சுமார் 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அதில் ராஜாக்கள் பெருமை குறைவு. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த உருவம் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள்தான் அதிகம். செத்துப்போன சொந்தக்காரர்களின் நினைவாகச் செதுக்க வைத்தவர்கள் உண்டு. 'குரத்தி' என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியைகளின் பெயர்களும் உண்டு. அதாவது, எனக்கு 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலையில் டீச்சர் இருந்திருக்கிறார்கள்!

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு வெறும் இனிப்பாக எழுதினால் நான் சரித்திரம் படித்ததில் அர்த்தமில்லை. நாம் இன்றைக்குப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடக்கிற இந்தத் தேரோடும் வீதிகளில், யார் ஊர்வலம் போகலாம், யார் போகக்கூடாது என்ற தகராறு 1895-ஆம் வருஷம் பங்குனித் திருவிழாவின்போது பெரிய கலவரமாக வெடித்தது. உயிர்கள் போயின. வீடுகள் எரிந்தன. யார் மேல் தப்பு என்று இப்போது பஞ்சாயத்து வைக்க நான் வரவில்லை. குடும்பத்தோடு ஒரு தெருவில் நடந்து போவது எல்லோருக்கும் எப்போதும் கிடைத்த சுகம் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

தெரு கிடைத்தவர்களுக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை குறைந்த பூமி, காய்ந்த காற்று, காட்டு வேலை இல்லாத மாதங்கள் அதிகம். தொழிலுக்கு எல்லாம் தோதாக அமைந்தது. பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றிய தொழில் அது, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சின்ன விரல்கள்தான் வேகமாக ஓடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஊருக்குள் பஸ் வரும். தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறிப்போகும். இருட்டியபிறகு திரும்பும்.

1983-ல் கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பு. அரையாண்டு லீவு முடிந்து வந்த அன்று, "யார் யார் வீட்டில் சிறுவீடு கட்டியிருக்கீங்க?" என்று உற்சாகமாகக் கேட்டேன். பாதிப் பிள்ளைகள் கை தூக்கவில்லை. முன் பெஞ்சில் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், பூ பறிக்கப் போற நேரத்துலதான் பஸ் வருது." லீவு முழுக்க வேலைக்குப் போயிருக்கிறாள். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. நான் சின்ன வயதில் அனுபவித்த அதே மார்கழி, அதே நேரம். எனக்குப் பூசணிப்பூ கிடைத்தது, அவளுக்குப் பஸ்.

பொங்கலுக்கு மட்டும் தீப்பெட்டி ஆபீஸ் அடைப்பு. அதனால் அந்தக் காணும் பொங்கலன்று, வருகிற பிள்ளைகள் எல்லோரையும் நான் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். பதினோரு பேர் வந்தார்கள். சுனையில் தண்ணீர் கிடந்தது. மேலே ஏறி நின்றால் காடு முழுக்கப் பச்சை. அவள் அந்த வட்டெழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். "இது யாரு டீச்சர் எழுதினது?" "உன்னை என்னை மாதிரி ஆளுகதான். தங்க வீட்டு ஆளு பேரு அழிஞ்சு போகக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க." அவள் விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அதை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். பாறை நிழலில் உட்கார்ந்து, கையில் கிடைத்த கல்லையெல்லாம் அடுக்கி அந்தப் பதினோரு பேரும் ஒரு சிறுவீடு கட்டினார்கள். சாப்பிடக்கூட வரவில்லை.

ஜூன் மாதம் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். அப்பா இல்லாத வீடு. அம்மா, "என்ன செய்ய டீச்சர்" என்றாள். அதற்குமேல் நானும் போகவில்லை. விதிப்படி நீண்ட நாள் வராதவர் என்று குறித்து, சிவப்பு மையால் அவள் பெயரை அடித்தது என் கைதான். கல்லில் எழுதிய பெயர் ஆயிரம் வருஷம் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்த அதே கை. இன்னும் பத்துத் தடவை போயிருக்கலாமோ என்று இப்போதும் ஒவ்வொரு மார்கழியிலும் நினைப்பேன்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி வேலையில் வைக்கக்கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்தால் விலக்கு. அதனால் பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சத்துணவு, இலவசப் புத்தகம், பஸ் பாஸ், மெஷின் வருகை என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த விடியற்காலை பஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. ஒரே நாளில் நடந்ததில்லை.

அந்தத் தீர்ப்புக்குக் கொஞ்ச வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், ஒரு பெண் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு இல்லை, கையெழுத்து. போட்டுவிட்டு, "என்னைத் தெரியலையா டீச்சர்? மலைக்குக் கூட்டிட்டுப் போனீங்களே" என்றாள். நான் என் சிவப்பு மையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கிற அவசரத்தில் இல்லை. "இவ மார்கழிக்கு எங்க வீட்டு வாசல்ல சிறுவீடு கட்டினா டீச்சர். ராட்டி அம்பது சேர்த்தா. நாந்தான் விடியக்காலம் கூடப் போயிப் பூ பறிச்சேன்" என்றாள். மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள்.

பேத்திக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். கொண்டாட்டத்துக்குப் பணம் பெரிதில்லை என்று எல்லோரும் சொல்வோம், உண்மைதான். ஆனால் ஒரு காலைப்பொழுது வேண்டும். அந்தக் காலைப்பொழுது பிள்ளைகளுக்குக் கிடைக்க நம்ம ஊரில் நூறு வருஷம் ஆகியிருக்கிறது. கிடைத்ததைப் போனில் தொலைத்துவிடாதீர்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிவாருங்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கீழே எடுத்து வந்துவிடுங்கள். சிற்பங்கள் பக்கத்தில் பெயர் கிறுக்குகிறவனைப் பார்த்தால், டீச்சர் சொன்னதாகக் காதைத் திருகுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் பால்கனியில் நாலு கைப்பிடி மண்ணை வைத்தாவது ஒரு சிறுவீடு கட்டிப் படம் அனுப்புங்கள். அடுப்பு வாசலுக்கு நேராக இருந்தால் கண்டிப்பாக மார்க் குறைப்பேன்.

உங்கள் வீட்டுச் சிறுவீட்டை யார் மிதித்து உடைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். தம்பி, நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்