மூக்குக்கண்ணாடிச் சட்டமும் பனிக்காலக் கைகளும்

புதிய மூலப்பொருளும் இயந்திரமும் புகுந்தவிடத்துக் கைவினை மறைந்தொழியும் என்பதைக் கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் பலர் பொதுவிதியாகக் கொள்வர். கைத்தறி நெசவைப் பொறுத்தவரை இக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். ஆயின், யப்பானின் புக்குயி மாகாணத்துச் சபாயே நகரிலும் அதன் அயலிலும் வளர்ந்த மூக்குக்கண்ணாடிச் சட்டத் தொழில் இவ்விதிக்குப் புறனடையாகும். இரசாயன ஆலையிற் பிறந்த பொருளொன்று அங்கு கைவினை மரபொன்றுக்கு ஆதாரமாயிற்று.

முற்காலத்திற் சட்டங்களுக்குப் பெரிதும் விரும்பப்பட்ட பொருள்களுள் அழுங்காமையின் ஓடும் ஒன்று. அது வெப்பத்தில் வளையும்; மேனியை உறுத்தாது. எனினும், அதன் விலை செல்வர்க்கே எட்டுவதாயிருந்தது. அமெரிக்கரான ஐயற் 1870இல் காப்புரிமை பெற்ற செலுலோயிட்டு, அவ்வோட்டின் தோற்றத்தை மலிவாக அளித்தது. செலுலோசு நைத்திரேற்றுடன் கற்பூரம் சேர்ந்த அப்பொருள் எளிதில் தீப்பற்றுவது. பருத்தியிலோ மரக்கூழிலோ உள்ள செலுலோசிலிருந்து பெறப்படும் செலுலோசு அசற்றேற்று இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இதனைப் பிரான்சிய இரசாயனவியலாளர் சூற்சன்பேசே 1865இலேயே ஆக்கியிருந்தாராயினும், சட்டத் தொழிலில் அது செலுலோயிட்டின் இடத்தைப் பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும்.

புக்குயி பனி மிகுந்த பிரதேசம். மாரியில் வயல்கள் பனியில் மூழ்க, உழவர் தொழிலின்றி இருந்தனர். சோனோ கிராமத்தவரான மசுநாக கொசாயெமொன், 1905இல் ஒசாக்காவிலிருந்து கைவினைஞரை அழைப்பித்து, ஊரவர்க்குச் சட்டத் தொழிலைப் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் உலோகச் சட்டங்களே செய்யப்பட்டன. ஒவ்வோர் ஆசானின் கீழும் ஒரு குழு இயங்கியது. குழுக்கள் தரத்திற் போட்டியிட்டன. பயின்றோர் பின்னர் தனிப்பட்டறைகளை நிறுவவே தொழில் சபாயே எங்கும் பரவிற்று. இன்று யப்பானில் ஆக்கப்படும் சட்டங்களுள் 90 வீதத்துக்கு மேற்பட்டவை இப்பகுதியிலேயே ஆக்கப்படுகின்றன.

அசற்றேற்றின் இயல்பே கையை வேண்டி நிற்கின்றது. பல நிறத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அழுத்திப் பெறும் தகட்டில் முன்சட்டம் வெட்டப்படும். வில்லை பொருந்துதற்கு உட்புறத்தே பள்ளம் அகழப்படும். காதுத்தண்டைச் சூடாக்கி அதனுள் உலோகக் கம்பி செலுத்தப்படும். பின்னர், மரச்சில்லுகள் இட்ட உருளையிற் சட்டங்கள் நாட்கணக்கிற் சுழன்று மென்மை பெறும். இறுதியாக, சுழலும் சில்லில் அவற்றைக் கையால் மெருகிடுவர். அழுத்தம் சற்றே மிகின் உராய்வின் வெப்பத்தால் விளிம்பு உருக்குலையும். குறையின் ஒளி பிறவாது. அவ்வளவைக் கைவினைஞரின் விரல்களே அறியும். வெட்டும் வேலையைக் கணினி இயந்திரங்கள் ஏற்றுள்ள இந்நாளிலும், தேர்ந்த சட்டங்களின் இறுதி மெருகு கைவேலையாகவே உள்ளது.

இம்மரபைப் போற்றுவோர் அதன் தோற்றுவாயை மறத்தலாகாது. பனிக்கால வறுமையே இத்தொழிலுக்கு வேண்டிய உழைப்பை வழங்கியது. கொசாயெமொனின் பெயரை வரலாறு காத்துள்ளது. அன்று விளக்கொளியிற் சட்டம் தேய்த்த உழவரிற் பெரும்பாலோர் பெயரறியப்படாதோராயினர். பழைமையினால் மட்டும் கைவினை மரபாகிவிடுவதில்லை. தேவை, பயிற்சி, கூட்டுழைப்பு ஆகிய மூன்றும் இணையுமிடத்துப் புத்தம்புதுப் பொருளிலும் அது வேரூன்றும். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.