ஸ்டீரியோவும் படாமும்

'ஸ்டீரியோ' என்றதும் நமக்குப் பாட்டுதான் நினைவு வரும். இடமும் வலமுமாக இரண்டு ஒலிபெருக்கிகள். அதனால் அச்சொல்லுக்கு 'இரட்டை' என்றே பொருள் கொண்டுவிட்டோம். ஆனால் கிரேக்க மொழியில் 'ஸ்டீரியோஸ்' என்றால் திண்மையானது. ஸ்டீரியோஸ்கோப், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படங்களை வைத்துத் திண்மையைக் காட்டும் கருவி. 1838இல் இப்பெயரைச் சூட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டோன். டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ் பதித்த சிறு பெட்டியாக்க, பாரிசின் ஜூல் டுபோஸ்க் அப்பெட்டியைச் செய்து விற்றார். 1858இலேயே ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, திருச்சி, தஞ்சை இரட்டைப் படங்கள் சென்னையில் வெளியாகிவிட்டன.

நம் 'படம்' இதற்கு நேர் எதிர். வடமொழியில் 'பட' என்றால் துணி. வள்ளல் பேகன் மயிலுக்கு ஈந்த படாமும் போர்வைதான். துணியில் தீட்டியது படமாகி, பிறகு தாளிலும் திரையிலும் கைபேசியிலும் படமே ஆயிற்று. தட்டையாக இருப்பது அச்சொல்லின் பிறவிக்குணம்.

ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க என்னிடம் உள்ள பழைய பிரெஞ்சு அட்டைகளில் ஒன்று மெல்லிய தாளால் ஆனது. பின்புறம் வண்ணம் பூசி, விளக்குகள் வரும் இடங்களில் ஊசியால் துளையிட்டிருக்கிறார்கள். முன்னிருந்து ஒளி விழுந்தால் நிறமற்ற பகல். ஜன்னல் பக்கம் திருப்பினால் நிறங்கள் ஏறி, ஊசித்துளைகள் சுடராகின்றன. கைவேலையில் இதற்கு மேல் நுட்பம் நான் கண்டதில்லை.

இப்படி ஓர் இரட்டைப் படத்தை நானே எடுத்துப் பார்க்கச் செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். அது 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் போய் 77 ஆண்டு கழித்தே 'ஸ்டீரியோஸ்கோப்' என்ற சொல் பிறந்தது. ஆனாலும் திண்மைக்குச் செஞ்சிப் பாறைகளை விட்டால் வேறு எது? கல்யாண மகாலுக்கு எதிரே நின்று கைபேசியில் ஒன்று எடுத்தேன். கண்ணுக்குக் கண் உள்ள தொலைவு, ஆறரை சென்டிமீட்டர், நகர்த்தி இன்னொன்று. அச்சிட்டு அட்டையில் ஒட்டிப் பெட்டியில் வைத்தால், அருகிலிருந்த பாறைகள் உருண்டு திரண்டு நின்றன. பின்னால் இராசகிரி மலை மட்டும் தொங்கவிட்ட படாம் போலவே இருந்தது. அடுத்த முறை மலையை மட்டும் குறிவைத்து, இரண்டு படங்களுக்கும் இடையே பத்தடி தள்ளி நின்றேன். இராசகிரியும் திண்மை கொண்டு எழுந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரே காட்சி இரண்டாக ஒட்டிய அட்டை கிடைத்தால், நகல் என்று நினைத்துப் பாதியாக வெட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு படங்கள்.