கண்டிய மணச்சட்டம் முதல் தண்டனைச் சட்டக்கோவை வரை: தன்பாலீர்ப்புப் பெண்களின் நிலை – ஒரு வரலாற்று நோக்கு

சமூக வழக்காறுகள் என்றும் மாறாதன எனக் கொள்வது வரலாற்றறிவுக்கு ஒவ்வாததாகும். பெண்ணை விரும்பும் பெண்ணைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 'இது நமது பண்பாட்டுக்குப் புறம்பானது' என்ற வாதமே முதலில் முன்வைக்கப்படுகின்றது. அப்பண்பாடு எப்போது, எவரால் சட்டமாக வடிக்கப்பட்டது என்பதை ஆராயக் கண்டிப் பிரதேசத்தின் வரலாறு தகுந்த களமாக அமைகின்றது.

1815ஆம் ஆண்டிலே கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அக்காலக் கண்டிய சமூகத்திலே குடும்பம் ஒரே வடிவினதாக இருக்கவில்லை. மனைவி கணவன் இல்லம் செல்லும் தீக மணமும், கணவன் மனைவி இல்லம் வந்து வாழும் பின்ன மணமும் ஒருங்கே நிலவின. சகோதரர் இருவர் ஒரே பெண்ணை மணந்து வாழும் 'ஏககெயி' வழக்கமும் காணப்பட்டது. மனம் ஒவ்வாதவர் இழுக்கின்றிப் பிரிந்து செல்வதை 1681இல் வெளிவந்த தமது நூலிலே றொபேட் நொக்ஸ் பதிவு செய்துள்ளார். 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பல கணவர் மணத்தைத் தடைசெய்து, திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. கண்டிப் பிரதானிகள் சிலரும் இம்மாற்றத்தை வேண்டி நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. பழைய கண்டி பெண்களிடையேயான காதலை ஏற்றது என இதிலிருந்து முடிவுகட்டுதல் பொருந்தாது. இன்று மரபெனப் போற்றப்படும் குடும்ப வடிவம் அண்மைக்காலச் சட்டத்தினாலும் உள்ளூர் மேலோரின் இசைவினாலும் உருவானது என்பதே இங்கு பெறப்படும் உண்மையாகும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365ஆம் பிரிவிலே 'இயற்கைக்கு மாறான' புணர்ச்சியைக் குற்றமாக்கியது. பின்னர் சேர்க்கப்பட்ட 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. இங்கிலாந்திலும் பெண்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டம் என்றும் இயற்றப்படவில்லை. 1921இல் அதற்கென எடுக்கப்பட்ட முயற்சியைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. அத்தகைய உறவொன்று உண்டென்பதைப் பெண்கள் அறியாதிருப்பதே நன்று என்பது அங்கு கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எனவே சட்டத்தின் மௌனம் சுதந்திரமன்று. பெண்ணுக்கெனத் தனித்த விருப்பம் இல்லையெனக் கருதிய மௌனமே அது.

அம்மௌனத்தைக் கலைத்தது சுதந்திர இலங்கையின் பாராளுமன்றமாகும். தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தும் முயற்சியின்போது, தன்பாலுறவு பற்றிய பிரிவுகளை நீக்கவேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. ஆயின் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், 365அ பிரிவில் இருந்த 'ஆண்' என்ற சொல்லை அகற்றி, 'ஆள்' எனப் பொதுமைப்படுத்தியது. சமத்துவத்தின் பெயரால் பெண்களும் குற்றவாளிகளாயினர். குடியேற்ற ஆட்சி செய்யாததைச் சுதேச ஆட்சி செய்தது. இப்பழியை முழுவதும் அந்நியர்மீது சுமத்துவதற்கு வரலாறு இடந்தரவில்லை.

விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. தன்பாலீர்ப்புப் பெண்களின் மாநாடொன்று திட்டமிடப்பட்ட 1999ஆம் ஆண்டிலே, அதற்கு வருவோர்மீது பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை ஏவிவிடவேண்டுமெனக் கூறும் கடிதமொன்று ஆங்கில நாளிதழிலே வெளியாயிற்று. ஷேர்மன் டி ரோஸ் பத்திரிகைப் பேரவையிடம் முறையிட்டார். 2000ஆம் ஆண்டிலே பேரவை அம்முறைப்பாட்டை நிராகரித்ததோடு, செலவுத் தொகை செலுத்துமாறு முறையிட்டவருக்கே ஆணையிட்டது. வன்முறையைத் தூண்டியவர் தப்பினார். நியாயம் கேட்டவர் தண்டம் இறுத்தார்.

இச்சூழலிலேதான் 1999இல் பெண்கள் ஆதரவுக் குழு தோன்றியது. அதன் நிறுவுநருள் ஒருவரான ரொசானா பிளேமர்-கல்தேரா 2004இல் 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பை நிறுவினார். அவரது முறைப்பாட்டை விசாரித்த, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, 365அ பிரிவு பெண்களின் உரிமைகளை மீறுகின்றதென 2022ஆம் ஆண்டிலே தீர்மானித்தது.

எனினும், 'நான் இத்தகையவள்' எனத் தன்னை வெளிப்படுத்தும் இளம்பெண் முதலில் எதிர்கொள்வது நீதிமன்றத்தையன்று, வீட்டையே. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழநேர்ந்த நிலையில், இரகசியமாகக் கடிதமொன்றைப் படிக்கவும் இடமில்லை. வேலை, வதிவிடம், உறவு மூன்றும் ஒரே தோட்டத்தில் பிணைந்துள்ளமையால், ஒன்றை இழப்பவள் அனைத்தையும் இழக்கிறாள். 1952இல் பேராதனைக்குப் பல்கலைக்கழகம் வந்தபின், மாணவியர் விடுதிகள் பெண்கள் பலருக்குக் குடும்பத்துக்கு வெளியே முதல் வாழ்விடமாயின. தன்னைத்தானே அறிந்துகொள்ள அங்கு வாய்ப்புண்டு. விடுமுறைக்கு வீடு திரும்புகையிலே காத்திருப்பதோ மாப்பிள்ளைப் பேச்சு. ஒழுக்கக்கேடென்ற பழிக்கு அஞ்சும் பெற்றோரின் கையிலே, குற்றமென்ற சொல்லைக் கொடுத்தது 1995இன் திருத்தமாகும்.

இப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாயிற்று.

1859இலும் 1995இலும் சட்டம் எழுதப்பட்டபோது, அதனால் கட்டுண்ட பெண்களின் குரல் செவிமடுக்கப்படவில்லை. மூன்றாவது முறை அவ்வாறு நிகழாதிருத்தல் வேண்டும். சட்டத்தால் ஆக்கப்பட்டதைச் சட்டத்தாலேயே மாற்றலாம் என்பதற்குக் கண்டியின் வரலாறே சான்றாகும்.