மூட்டைக்குள் ஒளிந்த குழந்தைகள்

பனி ஓவியம்னா நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது பீட்டர் ப்ரூகல் 1565ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. அதே மனுஷன் அதையொட்டிய வருஷங்கள்ல வரைந்த இன்னொரு பனிப்படம் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திதான்.

போன்ல ஜூம் பண்ணிப் பாருங்க. இன்றைய பெல்ஜியம் பக்கத்து கிராமம். கூரை மேல பனி, விளிம்புல ஊசி ஊசியாத் தொங்குற ஐஸ். தெரு முழுக்க வீரர்கள், கதவை உடைக்கிறாங்க. ஏதோ கொள்ளைன்னு தோணும். ஆனா ஒரு அம்மா பனியில உட்கார்ந்து, மடியில இருக்கிற மூட்டையைப் பார்த்து அழறாங்க. ஒரு தம்பதி ஒரு வாத்துக்காக வீரர்கிட்ட கெஞ்சறாங்க. வாத்துக்கு யாராவது இப்படிக் கெஞ்சுவாங்களா?

அது வாத்து இல்லை. குழந்தை. மூட்டையும் குழந்தைதான்.

பைபிள்ல வர்ற கதை இது. பெத்லகேம்ல இரண்டு வயசுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி ஏரோது மன்னன் உத்தரவு போடறான். ப்ரூகல் அதைத் தன் ஊர்ப் பனிக்கு நடுவுல, தன் காலத்து வீரர்களை வெச்சு வரைஞ்சார். பிறகு படம் ப்ராக் நகரத்துல பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் கைக்குப் போச்சு. அங்கேதான் குழந்தைகள் மேல மூட்டை, விலங்கு, சாப்பாட்டுப் பொருள்னு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. 1621ல் அரண்மனைப் பட்டியல்ல இது கிராமக் கொள்ளைப் படமாவே பதிவாயிடுச்சு.

ஆனா முகங்களை மாத்தலை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. டேட்டாவை அழிச்சவங்க லாக்கை அழிக்க மறந்த மாதிரி. பேக்கப்பும் இருந்தது: ப்ரூகலோட மகன் பட்டறையிலிருந்து வந்த நகல்கள்ல குழந்தைகள் அப்படியே இருக்காங்க. வியன்னா மியூசியத்துல ஒண்ணைப் பார்க்கலாம்.

கறுப்பு உடைத் தளபதி, ஸ்பெயினோட ஆல்பா பிரபுதான்னு சிலர் சொல்வாங்க. அவர் பிரஸ்ஸல்ஸ் வந்தது 1567 ஆகஸ்ட். படம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கலாம். அதனால நான் அதை நம்பலை.

1648ல் ஸ்வீடன் படை ப்ராகைக் கொள்ளையடிச்சப்போ இந்தப் படமும் போச்சு. 1660ல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் வாங்கினார். மேல் பூச்சைச் சுரண்டி எடுக்கலாமே? எடுக்கலை. அதுவும் 400 வருஷப் பழசு. அந்த அம்மா மடியில இன்னைக்கும் மூட்டைதான்.